எண்ணெய் உறையாத அறை

எனக்கு ஒன்பது வயதான கோடையில் எங்கள் வீட்டுக்கு ஏசி வந்தது. லைட்ஹவுஸ் குப்பத்தில் அப்போது மீன் ஏலம் எடுக்கிறவர் வீட்டில்கூட ஏசி கிடையாது. எங்களுடையது ஒரு கூடம், ஒரு அறை, ஒரு சமையல்கட்டு கொண்ட தொகுப்பு வீடு. அறையின் ஜன்னல் கடலைப் பார்த்தபடி இருந்தது. அந்த ஜன்னலை முழுதாக அடைத்துக்கொண்டு, கன்றுக்குட்டி கனம் கனத்த ஒரு பழைய பெட்டியைக் கொண்டுவந்து உட்கார வைத்தவர் என் தாய்மாமா.

மாமா பொன்னேரியில் ஏசி மெக்கானிக். காட்டுப்பள்ளிப் பக்கம் ஓர் ஆபீஸில் பழைய ஜன்னல் ஏசிகளைக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டும் வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. கழற்றியவற்றில் ஒன்றைக் கேட்டு வாங்கி, தட்டிக்கொட்டி, கேஸ் ஏற்றி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவராக மனமிரங்கிக் கொடுத்தார் என்று நினைத்துவிட வேண்டாம். அம்மா தினமும் போன் போட்டு அவரை நச்சரித்தாள். நைனாவுக்குத் தூக்கம் வரவில்லை என்பதுதான் காரணம்.

நைனா என்றால் என் அப்பா. எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவோம். அவரும் பெரியப்பாவும் இன்னும் இரண்டு பங்காளிகளும் ஒரே ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறவர்கள். அந்தப் பங்குனியில் கரைக்குக் கிட்டே வந்த பிறகு அலை அடித்துப் படகு கவிழ்ந்துவிட்டது. நாலு பேரும் கரையேறிவிட்டார்கள். நைனா மட்டும் வலைக்குள் சிக்கிக்கொண்டு கொஞ்சம் தாமதமாக வந்தார். வலை போனது போனதுதான். ஊரே வந்து வலைக்காக வருத்தப்பட்டது. ஆட்கள் முழுசாகத் திரும்பிவிட்டதால் அவர்களைப் பற்றிப் பேச யாருக்கும் ஒன்றும் இருக்கவில்லை.

அன்றிலிருந்து நைனாவுக்கு இடுப்பு வலி. புது வலை தயாராகும்வரை எப்படியும் படகு போகப்போவதில்லை என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வலை முடிந்ததும் நாலாவது ஆளாக அவர் ஏறியாக வேண்டும். ஏறாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவான். ஒருமுறை போன இடம் லேசில் திரும்பாது. இது எனக்கே தெரியும். அம்மா பாத்திரம் கழுவும்போதெல்லாம் இதைத்தான் பாத்திரங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எங்கள் ஊர் ஆண்கள் இருட்டோடு போய்க் காலையில் திரும்பி, மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறவர்கள். நைனா அந்த நேரத்தில் பாயில் படுப்பார், எழுந்து உட்காருவார், கூடத்துக்கு வருவார், மறுபடி உள்ளே போவார். புழுக்கம்தான் காரணம் என்று அம்மா முடிவு கட்டினாள். அப்படித்தான் ஏசி வந்தது.

மாமா அதை மாட்டிய விதம் ஒரு திருவிழா. ஜன்னல் கம்பியை அறுத்து, பலகை அடித்து, சந்து பொந்தெல்லாம் தெர்மாகோல் வைத்து டேப் ஒட்டினார். பிறகு கூடியிருந்தவர்களைப் பார்த்து, "ராத்திரி ஒரு தேங்கா எண்ண பாட்டில உள்ள வைங்க. காலைல வெள்ளையா உறஞ்சி போயிருக்கும். உறஞ்சாதான் கூலிங், இல்லன்னா அது வெறும் ஃபேனு" என்றார். சொன்னபடியே உறைந்தது. சித்திரை வெயிலில் எண்ணெய் கட்டியாகி நின்றதைப் பார்க்கப் பிள்ளைகள் வரிசையில் வந்தார்கள். ஐந்து ஐந்து பேராக உள்ளே விட்டு, இருபது எண்ணியதும் வெளியே தள்ளுவது என் பொறுப்பு. அந்த அதிகாரத்தை நான் கொஞ்சம் அதிகமாகவே அனுபவித்தேன். "கதவ சாத்துடி, கூலிங் போயிடும்" என்று அம்மா சமையல்கட்டிலிருந்தே கத்துவாள். எங்கள் வீட்டில் கதவு ஒன்று இருப்பதே அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

ஒரே குறை, அந்தப் பெட்டி போட்ட சத்தம். கடகடவென்று பலகையெல்லாம் அதிரும். மாமாவுக்கு அது கௌரவக் குறைச்சலாகப் போய்விட்டது. ரப்பர் துண்டுகளை வெட்டி நாலு பக்கமும் செருகிச் சத்தத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டுப் போனார். மறுநாளே ரப்பரைக் காணோம், பழைய கடகடப்பு வந்துவிட்டது. நான்தான் பிடுங்கி விளையாடிவிட்டேன் என்று அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். நான் செய்யவில்லை என்று சத்தியம் செய்தும் நம்பவில்லை. வீட்டில் காணாமல் போகிற எல்லாவற்றுக்கும் நான்தான் காரணம் என்பது அவளுடைய பொதுவான கொள்கை.

எப்படியோ நைனா தூங்க ஆரம்பித்தார். மத்தியானம் உள்ளே போனால் சாயங்காலம்தான் வருவார். ஊரில் அவருக்கு ஏசிக்காரர் என்று பெயர் விழுந்தது. கரண்ட் போனால் மட்டும் எழுந்துவிடுவார். சட்டையைப் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று ஊருக்குப் பின்னால் ஏரிப் பக்கத்து டீக்கடைக்கு நடந்துவிடுவார். வாசலில் இறங்கினால் வேப்பமரத்து நிழலும் கடல் காற்றும் இருக்க, அவ்வளவு தூரம் வெயிலில் எதற்குப் போகிறார் என்று எனக்குத் தோன்றியதுண்டு. அந்தக் கடையில் பஜ்ஜி நன்றாக இருக்கும் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

வைகாசி பிறந்த பிறகு அறையில் ஏதோ சரியில்லை. முதலில் என் தம்பி வேர்த்து அழுதுகொண்டு வெளியே வந்தான். பிறகு அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். நானும் வந்துவிட்டேன். நைனா மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடந்தார். "உள்ள வேவுதே, வெளில வந்து படேன்" என்று அம்மா சொன்னால், "கூலாதான கீது" என்பார். எனக்கு அது பொறுக்கவில்லை. வெளியே வெயிலில் போகக் கூடாது, உள்ளே உட்கார முடியாது, பள்ளிக்கூடமும் கிடையாது. கால் ஒரு இடத்தில் நிற்காத வயது. எதையாவது கண்டுபிடித்தே தீருவது என்று எண்ணெய் பாட்டிலை உள்ளே வைத்தேன். மூன்று நாள் வைத்துப் பார்த்தேன். மூன்று நாளும் எண்ணெய் தண்ணீர்போல ஆடியது.

அம்மாவின் போனை எடுத்து மாமாவைக் கூப்பிட்டேன். "மாமா, எண்ண உறையவே இல்ல. உன் மெஷினு டம்மி" என்றேன். எந்த மெக்கானிக்குக்குத்தான் ரோஷம் வராது. அன்று மத்தியானமே கேஸ் சிலிண்டரையும் டூல்ஸ் பையையும் பைக்கில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அவர் வந்த நேரத்தில் பெரியப்பாவும் பங்காளிகள் இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். புது வலை முடிந்துவிட்டது, சனிக்கிழமை விடியறதுக்குள்ளே இறக்குவது என்று சொல்ல வந்திருந்தார்கள். நைனா கண்ணைக் கசக்கிக்கொண்டு உள்ளேயிருந்து வந்து, "இடுப்பு இன்னும் சரியாவலண்ணா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சபையில்தான் நான் எண்ணெய் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போய் மாமா முன்னால் ஆட்டிக் காட்டினேன்.

மாமா உள்ளே போய் மூடியைக் கழற்றினார். டார்ச் அடித்துப் பார்த்தார். விரலால் தொட்டதும் காயில் என்கிற குளிர்க்குழாயைச் சுற்றியிருந்த தகடுகள் பொடிப்பொடியாக உதிர்ந்தன. "உப்புக் காத்து அரிச்சித் தின்னுடுச்சி. கேஸ் சுத்தமா இல்ல. கம்ப்ரஸர் ஓடறதே இல்ல. பதினஞ்சி நாளா வெறும் ஃபேனுதான் சுத்திக்கினு இருந்திருக்குது" என்றார். அப்புறம் ஏதோ நினைவு வந்தவராக, "ரப்பர யாரு புடுங்கனது?" என்று கேட்டு என்னைப் பார்த்தார்.

"நான்தான்" என்றார் நைனா.

என் முதுகில் விழுந்த அடி வீண் என்று எல்லோர் முன்பும் நிரூபணமானதில் நான் அம்மாவை வெற்றியோடு பார்த்தேன். அவள் என்னைக் கவனிக்கவில்லை. "பதினஞ்சி நாளாவா?" என்று நைனாவிடம் கேட்டாள். "வெந்து போற ரூம்ல இன்னாத்துக்கு கதவ சாத்திக்கினு படுத்துனு இருந்த?"

காயிலை மாற்ற வேண்டும், பெட்டியைக் கழற்றிப் பொன்னேரிக்குக் கொண்டுபோகிறேன் என்று மாமா ஸ்க்ரூடிரைவரை எடுத்தபோதுதான் நைனா வாய் திறந்தார். "கழட்டாத மச்சான். கூலிங் வேணாம். ஓடினா போதும்."

"கூலிங் இல்லாத ஏசிய வச்சிக்கினு இன்னா பண்ணுவ மாமா?" என்று என் மாமா திருப்பிக் கேட்டார்.

"சத்தம் இருந்தா தூக்கம் வருது."

பங்காளிகள் சிரித்தார்கள். மாமா சிரித்தார். எல்லோரையும்விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன், ஏனென்றால் இந்த வேடிக்கையை ஏற்பாடு செய்தவள் நான். பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. நைனாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொம்பிலிருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தார். "சனிக்கிழமை வரைக்கும் உன் எடத்துக்கு நான் யாரையும் சொல்லலடா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

பெட்டியை மீன் ஏற்ற வந்த ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள். ஜன்னல் இருந்த இடத்தில் பெரிய சதுர ஓட்டை. "அப்டியே தொறந்து வுடுக்கா, ஏசிய வுட நல்ல காத்து வரும்" என்று மாமா அம்மாவுக்கு யோசனை சொல்லிவிட்டுப் போனார். காற்று உண்மையிலேயே பிரமாதமாக வந்தது. கூடவே அலைச் சத்தமும் வந்து அறை முழுக்க நிறைந்தது. அது எங்களுக்குப் பிறந்ததிலிருந்தே கேட்கிற சத்தம். இத்தனை நாள் அந்த அறையில் அது இல்லாமல் இருந்ததையே நான் கவனித்திருக்கவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. சாப்பிட்டுவிட்டு உள்ளே போன நைனா அரைமணி நேரத்தில் வெளியே எட்டிப் பார்த்து, "பாப்பா, இங்க வா. உங்க ஸ்கூல் கத எதனா சொல்லு" என்றார். என் காதில் விழுந்தது நிஜமா என்று சந்தேகம். வீட்டில் எல்லோரும் என்னிடம் வாயை மூடு என்று சொல்லித்தான் பழக்கம். ஓடிப்போய் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, சுற்றுலா போன பஸ்ஸில் யார் யார் வாந்தி எடுத்தார்கள் என்பதை வரிசையாகச் சொன்னேன். அவர் கைகளை மார்பில் கோத்துக்கொண்டு படுத்திருந்தார். "கொஞ்சம் சத்தமா சொல்லு" என்றார். குரலை மெதுவாக்கினால், "நிறுத்தாத" என்றார். கொஞ்ச நேரத்தில் தூங்கியும் போனார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் கதை சொன்னால் நைனா தூங்குகிறார் என்று அம்மாவிடம் பெருமையடித்தேன். "உன் கதைய கேட்டா யாருக்கும் தூக்கம் வரும்" என்றாள். ஆனால் அன்று அவள் முகம் லேசாகியிருந்தது. இரண்டு நாள் நன்றாகத் தூங்கிவிட்டால் சனிக்கிழமை ஏறிவிடுவார் என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்வது கேட்டது. புதன்கிழமையும் சொன்னேன். தெரிந்த கதையெல்லாம் தீர்ந்து, பதினாறாம் வாய்ப்பாடுவரை சொன்னேன்.

வியாழக்கிழமை வாசலில் பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். என் பெயரைச் சொல்லி இரண்டு முறை கூப்பிட்டாகிவிட்டது. வாய் ஒரு பக்கம் கதை சொல்ல, கால் வாசலுக்குப் போய்விட்டிருந்தது. நைனாவின் கண் மூடியிருந்தது. பாதிக் கதையில் நிறுத்திவிட்டுப் பூனைநடை நடந்து கதவுவரை வந்தேன். சும்மா ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். நைனா முழங்காலை மடக்கிச் சுவர்ப் பக்கம் புரண்டு, இரண்டு கைகளாலும் காதை அழுத்திப் பொத்திக்கொண்டிருந்தார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்று நாளாகத் தொண்டை வற்றக் கதை சொல்லியிருக்கிறேன், இவர் காதைப் பொத்திக்கொள்கிறார். இவரும் மற்றவர்களைப்போலத்தான் என்று நினைத்தேன். விளையாட்டில் மனம் ஓடவில்லை. இரண்டு பேரோடு சண்டை போட்டுவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நைனா கூப்பிட்டார். "போ, சொல்ல மாட்டேன்" என்றேன். "நேத்து காதப் பொத்திக்கினு இருந்தத நான் பாத்தேன். உனக்கு என் கத புடிக்கல."

அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதை விட்டுவிட்டு, "சரி, போய் வெளையாடு" என்றார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு ஏரிப் பக்கம் நடந்தார்.

சனிக்கிழமை நான் எழுந்தபோது படகு போய்விட்டிருந்தது. நாலாவது ஆளாகப் போனவன் கோயில் தெருப் பையன் ஒருவன். நைனா கூடத்தில் பேன்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கல்யாணத்துக்குத் தவிர அவரைப் பேன்ட்டில் நான் பார்த்ததில்லை. மாமாவின் பைக் வந்து நின்றதும் டூல்ஸ் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினார். மாமாவுக்கு ஹெல்பராகத் தொடங்கியவர், பிறகு தனியாக சர்வீஸ் எடுக்கிற அளவுக்கு வந்தார். நாங்கள் பொன்னேரிக்குக் குடிபோனோம். அம்மா நாலு மாதம் அழுதாள், பிறகு பழகிக்கொண்டாள். நைனா அதன்பின் படகு ஏறவேயில்லை.

நான் இன்னும் ஒருநாள் பேசியிருந்தால் ஏறியிருப்பாரா என்று எனக்குத் தெரியாது. அவரைக் கேட்கும் தைரியம் இன்றுவரை வந்ததில்லை. அந்த வயதில் என் கோபம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது, வெகுநாள் அதை விடவும் இல்லை. நான் பேசிக்கொண்டிருந்தவரை அவர் கைகள் மார்பின் மேல்தான் இருந்தன. நான் நிறுத்திய பிறகுதான் காதுக்குப் போயின. அப்போது அந்த அறையில் கேட்டுக்கொண்டிருந்தது கடல் மட்டும்தான்.