எதையும் அமுக்காத மிஸ் வெர்னிஸ்

ராணுவத் தலைமையகத்தின் கணினிகளை உடைத்து உள்ளே போய்விடலாம். வங்கிப் பெட்டகமெல்லாம் ஒரு தும்மலுக்குத் தாங்காது. ஆனால் வர்ஜீனியா மாநிலம் முழுவதையும் சல்லடை போட்டுச் சலித்தாலும், கோல்டர்ஸ் மில் உயர்நிலைப்பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் மிஸ் வெர்னிஸ் டாப்னியைப் போல ஒரு கோட்டை கிடைக்காது. சீனப் பெருஞ்சுவரே வந்து அவர் காலடியில் உட்கார்ந்து பாடம் கேட்கலாம். இதைச் சொல்லும் தகுதி எம்மெட் புல்லியமுக்கு உண்டு. மூன்று வாரம் அந்தச் சுவரில் மண்டையை மோதி, மண்டை மட்டும் வீங்கியவன் அவன்தான்.

எம்மெட் பத்தாம் வகுப்பு. பள்ளியின் தொழில்நுட்பச் சிறப்புப் பிரிவில் இடம் வாங்கி, மாவட்டத்தின் மறுகோடியிலிருந்து தினமும் ஒரு மணி நேரம் பஸ்ஸில் தூங்கி வழிந்து வருகிறவன். சேர்க்கை நேர்காணலில் ‘உலகத்தைக் காப்பாற்றுவேன்’ என்று சொல்லியிருந்தான். உலகம் இன்னும் வரிசையில் நிற்கிறது. செப்டம்பரில் பள்ளியின் எல்லா பிரிண்டர்களுக்கும் ‘பசிக்குது’ என்று பெயர் மாற்றி வைத்து, பாதி மதிப்பெண்ணைப் பறிகொடுத்ததுதான் இதுவரை அவன் செய்த சேவை.

இணையப் பாதுகாப்பு ஆசிரியர் மிஸ்டர் லோவரி அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இந்தப் பயிற்சிதான் உனக்குக் கடைசிக் கயிறு. அஞ்சு ஊழியர், நாலு வாரம். வாரத்துக்கு ஒரு போலி மெயில். அஞ்சு பேருமே ஒரு தடவையாவது ஏமாந்து அதுல இருக்கற லிங்க்கை அமுக்கணும். ஒருத்தர் குறைஞ்சாலும் நீ ஃபெயில். கிறிஸ்துமஸ் லீவு முடிஞ்சதும் உங்க ஏரியா ஸ்கூலுக்குப் போயிட வேண்டியதுதான்."

"அது நடந்து போற தூரம்தான் சார்."

"இந்த வாய் இருக்கே, இது ஒண்ணுதான் நல்லா வேலை செய்யுது உன்கிட்ட."

வாய் அப்படிச் சொன்னதே தவிர, போக மனசில்லை. ஏரியாப் பள்ளியில் அவன் ஒரே கோமாளி. இங்கே கோமாளிகளில் ஒருவன். அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று கோமாளிகளுக்குத்தான் தெரியும்.

நான்கு பேர் முதல் வாரத்திலேயே விழுந்தார்கள். இலவச ஷூ என்றதும் கால்பந்து கோச் இரண்டு தரம் அமுக்கினார். நர்ஸ், நூலகர், துப்புரவுப் பணியாளர் எல்லாரும் வரிசையாக விழுந்தார்கள். பாக்கி மிஸ் வெர்னிஸ்.

அவருக்கு அறுபத்தொரு வயது. இருபத்திரண்டு வருடமாக அதே நாற்காலி. பிள்ளைகள் தங்கள் சாப்பாட்டு எண்ணைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவர் விரல் அதைத் தட்டி முடித்திருக்கும். ஆயிரத்து நானூறு எண்களும் அந்தத் தலைக்குள். வரும் மெயில்களை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படிப்பார். ஆனால் எதையும் அமுக்க மாட்டார். "என்னால காரியம் ஆகணும்னா பேரைச் சொல்லிக் கூப்பிடட்டும். எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்பார்.

‘உங்கள் கடவுச்சொல் இன்றோடு காலாவதி’ என்று எம்மெட் அனுப்பினான். படித்தார், அமுக்கவில்லை. ‘இலவச பீட்சா’ என்று அனுப்பினான். தினமும் இருநூறு துண்டு பீட்சாவைக் கடத்திவிடுகிறவரிடம் பீட்சாவைக் காட்டிய மேதை அவன் ஒருவன்தான். அப்புறம்தான் மீனுக்கு என்ன பிடிக்கும் என்று மீனிடமே கேட்கலாமே என்று தோன்றியது.

"மிஸ் வெர்னிஸ், உங்களுக்குப் பிடிச்ச கேக் எது?"

"தேங்காய் கேக், கண்ணு. அதுக்கு உசிரையே குடுப்பேன்."

மறுநாளே ‘தேங்காய் கேக் குலுக்கலில் உங்கள் பெயர்’ என்று தேவாலய மகளிர் குழு பெயரில் ஒரு மெயில் பறந்தது. மதியம் கல்லாவில் மிஸ் வெர்னிஸ் அவன் தட்டை நிறுத்தினார்.

"தேங்காய் எனக்கு ஆகவே ஆகாது, ராசா. மூஞ்செல்லாம் தடிச்சுப் போகும். கோச் பசங்க கேட்டப்ப பீச் பழப் பைன்னு சொன்னேன். நர்ஸ் ஆபீஸ் பொண்ணுகிட்ட எலுமிச்சைன்னு சொன்னேன். தேங்காய்னு சொன்னது உன்கிட்ட மட்டும்தான்."

பின்னால் நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் எம்மெட் பால் டப்பாவை எடுக்க மறந்து நகர்ந்தான். இணையப் பாதுகாப்பு படிப்பவன் அவன். பாடம் நடத்தியவர் கல்லாக்காரம்மா.

கடைசி வாரத்து வியாழக்கிழமை ஒரு மணிக்கு, கூடம் காலியானபின், ஏதாவது துப்புக் கிடைக்குமா என்று பால் பெட்டிகளுக்குப் பின்னால் பதுங்கினான். மிஸ் வெர்னிஸ் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தார்.

"ஓபல், அக்கா பேசறேன். இன்னிக்குச் சிக்கன், மக்காச்சோளம். பீச் பழம் டப்பாவுல வந்தது, அதே சர்க்கரைத் தண்ணிதான். ஒரு தடியன் மூணு பால் குடிச்சான். நீ பேச வேணாம்டி, பக்கவாதம் வந்த வாய், மெதுவா வரட்டும்னு மறுவாழ்வு இல்லத்து நர்ஸ் சொல்லியிருக்கா. ‘ம்’ போடு, போதும்."

 போனிலிருந்து மெதுவாக வந்தது, "ம்."

"அதான் என் தங்கச்சி!"

எம்மெட் கணினி அறைக்கு ஓடினான். நான்கே நிமிடத்தில் எழுதி முடித்தான். மறுவாழ்வு இல்லத்திலிருந்து வருவது போல: ‘ஓபலின் உடல்நிலை குறித்து அவசரம்.’ இதற்கு விரல் யோசிக்காது. போன் போட்டு விசாரிக்கும் முன் அமுக்கிவிடும். அவன் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த ஒரே வேலை அதுதான். இரண்டு முறை படித்தான். அழித்தான். எதையும் மிச்சம் வைக்காமல் குப்பைத் தொட்டியிலிருந்தும் அழித்தான். மற்ற நால்வருக்கும் ஏதோ ஒப்புக்கு அனுப்பிவிட்டு, பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். தூக்கம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை கடைசி நாள். மதியம் இரண்டு மணிக்குக் கணக்கை மூடிவிடுவார் லோவரி. கல்லாவில் மிஸ் வெர்னிஸ் அவன் எண்ணைத் தட்டிவிட்டுத் தட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"கோச்சுக்கு நாலாவது மெயில் வந்துச்சு. நர்ஸுக்கும் வந்துச்சு. எனக்கு மட்டும் ஏன் வரல?"

"மறந்துட்டேன், மிஸ் வெர்னிஸ்."

"நான் அமுக்கலேன்னா உன்னை இங்கேருந்து அனுப்பிடுவாங்களாமே."

"யார் சொன்னா?"

"இந்த வரிசையில யாரு வாயைத்தான் மூட முடியுது? சரி, மறந்தா மறந்துட்டுப் போ. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. எழுதி வெச்சிருப்பியே, அதை அனுப்பு. அமுக்கித் தொலைக்கறேன்."

"வேணாம்," என்றான் எம்மெட் அவசரமாக. "அதை நீங்க படிக்க வேணாம்."

மிஸ் வெர்னிஸ் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, அவனை ஒவ்வொரு வரியாகப் படிப்பது போலப் பார்த்தார்.

"அப்போ மறக்கல," என்றார்.