நாலுவழிச்சாலையில் நின்றுபோன வைப்பர்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தை நினைத்தால் இப்போதும் உள்ளங்கை வியர்க்கிறது.

மகளுக்குத் திருவாதவூரில், அவள் மாமனார் வீட்டில் வளைகாப்பு. ஒன்பதாம் மாதம். வளையல் போட்டு முடிந்ததும் பிரசவத்துக்கு ஆனையூரில் எங்கள் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். கார் பிடிக்கலாம் என்றேன்.

"நம்ம ஜீப்புலயே வாரேன்ப்பா. நீங்கதான் மெதுவா ஓட்டுவீங்களே" என்றாள்.

என் ஜீப்புக்கு அவளைவிட வயது அதிகம். வயல் சேற்றில் நன்றாக இழுக்கும். மற்றபடி அதற்கு நான் எந்த உத்தரவாதமும் தர மாட்டேன்.

கிளம்பும் நேரத்தில் சம்பந்தி பெரிய கதம்ப மாலையோடு வந்தார். கட்ட இடம் தேடியவர், நேராக வைப்பர் கம்பியில் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டார்.

"அதுல வேணாமே…" என்றேன். அது எனக்கே கேட்கவில்லை.

"சும்மா இருங்க சம்பந்தி. எம் மருமக மொட்டை வண்டியிலயா போறது?"

அத்தனை பேர் நடுவே எப்படி மறுப்பது? தலையாட்டினேன். ஊர் எல்லை தாண்டியதும் வண்டியை நிறுத்தி மாலையை இழுத்தேன். கையோடு வந்தது. பின்சீட்டில் மனைவி மடியில் கொடுத்துவிட்டு ஓட்டினேன்.

நாலரைக்கு ராகுகாலம். அதற்குள் மகள் வீட்டுக்குள் காலெடுத்து வைத்துவிட வேண்டும் என்று மனைவி அவசரப்படுத்தினாள். நாலுவழிச்சாலையில் ஏறியதும் மழை பிடித்தது. தூறல் எல்லாம் இல்லை — ஒரே கொட்டு.

வைப்பரைப் போட்டேன். கம்பிகள் பாதிக் கண்ணாடி வரை ஏறி நின்றன. மோட்டார் மட்டும் முனகியது. பிறகு அந்தச் சத்தமும் நின்றுவிட்டது.

கண்ணாடி முழுக்க வெள்ளை. பின்னால் ஒரு லாரி விடாமல் ஹாரன் அடிக்கிறது. நின்றால் அது என்மேல் ஏறும். போனால் நான் எதன்மேல் ஏறுவேன்? மகள் ஒரு கையால் வயிற்றையும், மறு கையால் டேஷ்போர்டையும் பிடித்திருந்தாள். புது வளையல்கள் நடுங்கிக்கொண்டே இருந்தன.

"எங்கயாவது ஓரங்கட்டுங்கப்பா."

"ராகுகாலம் வந்துருமே…" என்றாள் மனைவி. "தலைய வெளிய நீட்டி ஓட்டுங்க. இன்னும் எம்புட்டுத் தூரம்?"

நீட்டினேன். மழை கண்ணில் ஊசியாகக் குத்தியது. திடீரென்று எதிரே ஒரு டிராக்டரின் பின்பலகை. விளக்கே இல்லை. பிரேக்கை மிதித்தேன். ஜீப் வழுக்கிக்கொண்டே போய்… நின்றது. நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும். பின்னால் வந்த லாரி ஹாரனோடே வலப்பக்கம் ஒதுங்கிக் கடந்துபோனது.

அதற்குப் பிறகு மனைவி ராகுகாலத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

பக்கத்தில் மூடிக்கிடந்த பஞ்சர் கடையின் தகரக் கூரைக்கடியில் வண்டியை ஒதுக்கினேன். அங்கே மழைக்கு நின்றிருந்த பைக்குக்காரர் ஒருவர் பின்சீட்டு மாலையைப் பார்த்தார்.

"என்னண்ணே, பொண்ணழைப்பா? மாப்பிள்ளை எங்க, மழையில கரைஞ்சிட்டாரா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஃபியூஸைப் பார்த்தேன் — கருகியிருந்தது. கையில் வேறு கிடையாது. ஹாரன் ஃபியூஸைக் கழற்றி மாட்டலாம். ஆனால் முதல் ஃபியூஸ் எதனால் போனது? அது தெரியாமல் மாட்டினால் இதுவும் போகும்.

வைப்பர் கம்பியைக் கையால் அசைத்தேன். அசையவில்லை. அடியில் விரலை விட்டுத் தடவினால்… மாலை கட்டிய நூல்! பூவெல்லாம் என் கையோடு வந்துவிட்டது. முடிச்சுப் போட்ட நுனி மட்டும் அறுந்து, கம்பி சுழலும் அச்சில் இறுகிக் கிடந்தது. மனைவியின் சேலை ஊக்கை வாங்கி நெம்பி நெம்பி எடுத்தேன். ஹாரன் ஃபியூஸை மாட்டிச் சுவிட்சைப் போட்டேன். வைப்பர் ஓடியது.

ஹாரன் இல்லாத ஜீப்பில், ஓரமாகவே ஊர்ந்து வந்தோம். ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் மகள் கண்ணை மூடிக்கொண்டாள். நானும் மூடியிருப்பேன், ஓட்ட வேண்டியிருந்ததால் முடியவில்லை.

யோசித்துப் பாருங்கள். சம்பந்தி முகம் கோணுமோ என்று முதல் பயம். ராகுகாலம் பிடித்துவிடுமோ என்று அடுத்த பயம். கண் தெரியாமல் நிறைமாதப் பிள்ளையை ஏற்றிப் போகிறோமே என்ற பயம் எத்தனையாவதாக வந்தது?

ஆனையூர் வந்து சேர்ந்தோம். மகள் மெல்ல இறங்கி, சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தாள்.

"வீடு வந்துருச்சுப்பா. ஸ்டியரிங்க விடுங்க."

விடலாம்தான்… விரல்கள் கேட்டால்தானே?