பிறந்தநாள் போன்

என் தங்கையின் கணவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். தெருவில் பாதிப் பேருக்கு அவர் பெயரே தெரியாது, மெக்கானிக் என்றால்தான் தெரியும். நல்ல மனிதர். நல்ல மனிதர்களோடு காலம் தள்ளுவது எவ்வளவு எரிச்சலான வேலை என்பதை இவரைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன்.

அவருக்கு ஒரு பழக்கம். ரிப்பேர் செய்து கொடுத்த மறுநாள் அந்த வீட்டுக்குத் தானாகவே போன் போடுவார். "ஐஸ் பிடிக்குதா? கதவு நல்லா ஒட்டுதா? சத்தம் ஏதாவது வருதா?" என்று விசாரிப்பார். சும்மா இருந்தவர்களும் அப்போதுதான் காதைத் தீட்டிக்கொண்டு, "ஆமா, லேசா ஒரு சத்தம் வருது" என்பார்கள். இவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு மறுபடியும் ஓடுவார். வம்பை விலைக்கு வாங்குவது என்றால் இதுதான்.

என் தங்கை வீட்டுக்கும் அப்படி வந்தவர்தான். கதவு ரப்பர் மாற்றிவிட்டுப் போனார், மறுநாள் போன் செய்தார், அடுத்த வாரமும் செய்தார். அந்த ஓட்டை ஃபிரிட்ஜுக்கு அவ்வளவு அக்கறை தேவையே இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். அடுத்த வருடம் கல்யாணம்.

அவளுக்கு அது இரண்டாவது கல்யாணம். முதல் ஆள், கைக்குழந்தை தவழ ஆரம்பித்த சமயத்தில் வேலை என்று வெளிநாடு போனவன். அங்கேயே இன்னொரு குடும்பம் அமைத்துக்கொண்டான். விவாகரத்துக்கு மறுபேச்சில்லாமல் சம்மதித்தான். பெண் எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சனியன் விட்டது என்று நான் நினைத்தேன்.

அந்தப் பெண்ணை நாங்கள் வாண்டு என்று கூப்பிடுவோம். நினைவு தெரிந்த நாளிலிருந்து அவளுக்கு அப்பா என்றால் மெக்கானிக்தான். செம்புக் குழாயை நசுங்காமல் வளைக்கும் அதே பொறுமையோடு அவளுக்குத் தலை பின்னிவிடுவார். சைக்கிள் கற்றுக்கொடுத்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டது அவள் அல்ல, பின்னால் ஓடிய இவர்.

இவ்வளவும் செய்கிறவர் அதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவனுடைய வெளிநாட்டு எண்ணை மனப்பாடமாக அழுத்தி இவரே போன் போட்டு, குழந்தையின் காதில் வைப்பார்.

"பேசும்மா, அப்பா பேசுறார்."

"எந்த அப்பா?" என்று முதல்முறை கேட்டாள். "நீதானே அப்பா?"

"இது போன்ல இருக்கிற அப்பா."

அன்றிலிருந்து அவன் பெயர் 'போன் அப்பா'. அவனும் கடமைக்கு, "எத்தனாவது படிக்கிற?" என்று கேட்பான். பதிலைக் கேட்டு மறந்துவிட்டு மறு வருடமும் அதையே கேட்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஏன் மாப்பிள்ளை, அவனே தலைமுழுகிட்டான். நீங்க எதுக்கு இழுத்துப் பிடிச்சு வச்சிருக்கீங்க?"

"நாளைக்குப் பெரியவளானதும், என்னை ஏன் பேச விடலைன்னு கேட்டுடக் கூடாது பாருங்க அக்கா."

இதற்கு மேல் இவரிடம் என்ன பேசுவது?

வாண்டு ஒருநாள் சைக்கிளிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டாள். தங்கை வேலையில் இருந்தாள், போனை எடுக்கவில்லை. மெக்கானிக் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். எலும்பை நேராக்க மயக்க மருந்து கொடுக்க வேண்டும், பெற்றவர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். இவர் பேனாவை எடுத்தார். "உறவு என்ன?" என்றாள் அங்கிருந்த பெண். அப்பா என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே? "இவங்க அம்மாவோட வீட்டுக்காரர்" என்று விளக்கமாகச் சொல்லியிருக்கிறார். பேனாவைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். தங்கை வந்து சேரும்வரை பிள்ளை வலியில் கத்திக்கொண்டே இருந்தது.

அன்றைக்குத்தான் தங்கைக்குப் பயம் பிடித்தது. அவளுக்கு ஏற்கெனவே இதயத்தில் ஒரு வால்வு மாற்றியிருக்கிறது. "எனக்கு ஏதாவது ஆயிட்டா வாண்டுவை யார்கிட்ட கொடுப்பாங்க?" என்று வக்கீலம்மாவிடம் கேட்டாள்.

"சட்டப்படி பெத்த அப்பாகிட்டதான். இவர் தத்தெடுத்துட்டா பிரச்சினையே இல்லை. ஆனா அதுக்கு அவர் சம்மதம் வேணும்."

மெக்கானிக் அவனுக்குப் போன் செய்து, சார், சார் என்று பணிவாகக் கேட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். "என் ரத்தத்தை எவனுக்கோ எழுதிக் கொடுக்க நான் என்ன மடையனா?" என்று அவன் கத்தியது எனக்கே கேட்டது. ரத்தமாம்! ஒரு டப்பா பால் பவுடர் வாங்கித் தராத ரத்தம். அவன் குரல் ஏற ஏற இவர் குரல் இறங்கியது. "நீங்க எப்ப வேணா வந்து பாருங்க சார், நான் தடுக்கவே மாட்டேன்" என்றார். அவனுக்குப் பிள்ளையும் வேண்டாம், வருவதற்கு விருப்பமும் இல்லை. முடியாது என்று சொல்ல ஒரு உரிமை கையில் இருந்தது, அது மட்டும் வேண்டும்.

வக்கீலம்மா இன்னொரு வழி சொன்னார். ஒரு முழு வருடம் பிள்ளையோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் இருந்தால், அவன் சம்மதம் இல்லாமலே கோர்ட் தத்துக் கொடுக்கலாம். எங்களுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அவன் எங்கே தொடர்பு வைத்திருந்தான்? மனு போட்டோம்.

அவன் வரவில்லை. அவனுக்காக ஒரு வக்கீல் வந்தார். மெக்கானிக்கைக் கூண்டில் ஏற்றி ஒரே விஷயத்தைத்தான் கேட்டார்.

"போன பிறந்தநாளுக்கு என் கட்சிக்காரர் குழந்தைகிட்ட பேசினாரா?"

"பேசினார் சார். நான்தான் போன் போட்டு..."

"பேசினாரா, இல்லையா?"

"பேசினார்."

"அதுக்கு முந்தின வருஷம்?"

"பேசினார் சார். எல்லா வருஷமும்."

மனு தள்ளுபடி ஆனது. வக்கீலம்மா தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "இதை ஏன் என்கிட்ட சொல்லவே இல்லை?" என்று கேட்டார். எங்களுக்கு எப்படித் தோன்றும்? நாங்கள் போட்ட போன், எங்கள் செலவு. அது அவன் காட்டிய பாசமாக ஆகிவிடும் என்று யார் கண்டார்கள்?

அன்று வக்கீலம்மாவின் அறையில் அவர் எங்களுக்குப் படித்துப் படித்துச் சொன்னார். "கடைசியா பேசினது போன பிறந்தநாள். வர்ற பிறந்தநாள் சும்மா தாண்டிப் போகட்டும். அவரா கூப்பிட மாட்டார். நீங்க கையைக் கட்டிக்கிட்டு இருந்தாலே போதும், மறுநாளே புது மனு போட்டுடலாம்." வாண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அந்த அறையின் கதவு சரியாக மூடாது. மெக்கானிக் போகும்போது அதன் கீலை ஆட்டிப் பார்த்து, "எண்ணெய் விட்டா சரியாயிடும் மேடம்" என்றார். நாங்கள் எதற்கு வந்தோம், இவர் எதைப் பார்க்கிறார்!

பிறந்தநாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை. நான் காலையிலேயே போய்விட்டேன், இவரைக் காவல் காக்கத்தான். வாண்டு எழுந்ததும் நேராக அப்பாவின் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தாள். மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். புது உடுப்புப் போடும்போதும் கையில் போன். சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் போன். தோழிகள் வந்து கூப்பிட்டும் வெளியே போகவில்லை.

தங்கை அடுப்படிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மெக்கானிக் ஒரு கம்ப்ரஸரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கழற்றிய ஸ்க்ரூவையே மறுபடி மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"அக்கா, புள்ள முகத்தைப் பாருங்க."

"பார்த்துட்டுதான் இருக்கேன். இன்னைக்கு ஒருநாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க மாப்பிள்ளை. எல்லாம் அவளுக்காகத்தான்."

"அது காத்துக்கிட்டு இருக்கே அக்கா."

"காத்திருக்கட்டும்" என்றேன். சொல்லும்போது எனக்கே வலித்தது.

சாயங்காலம் கேக்கை எடுத்து வைத்தோம். மெழுகுவத்தி இல்லை என்று மெக்கானிக் கீழே போனார். பாவி மனுஷன், நான் கூடவே போயிருக்க வேண்டும். திரும்பி வந்தபோது ஒரு கையில் மெழுகுவத்தி, இன்னொரு கையில் பக்கத்துச் சாவிக் கடைக்காரரின் போன்.

"பேசும்மா. லைன்ல இருக்கார்."

வாண்டு அவரைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. போனை வாங்கினாள். "ம்... ஆறாவது... சரி... வைக்கிறேன்" என்றாள். வைத்துவிட்டாள்.

"அப்பா, காலையில இருந்து உன் போனை நான் எதுக்குப் பிடிச்சு வச்சிருந்தேன்னு நினைச்ச?"

"அவர் கூப்பிடுவார்னு காத்திருந்தியேம்மா..."

"அவர் என்னைக்குக் கூப்பிட்டார்? நீ கூப்பிட்டுடக் கூடாதுன்னுதான் வச்சிருந்தேன். வக்கீலம்மா சொன்னது எனக்கும் கேட்டுச்சு."

மெக்கானிக் தன் சொந்த வீட்டுக்குள் முகவரி தவறி வந்தவர் போல நின்றார். அவரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வாயைத் திறந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும், அவர் கையிலிருந்த மெழுகுவத்தியை வாங்கிக் கேக்கில் குத்தினேன். இவ்வளவு கோபத்தை நான் யாரிடம் கொண்டுபோய்க் கொட்டுவது?

வாண்டுதான் எழுந்து வந்தாள். காலையிலிருந்து பிடித்து வைத்திருந்த போனை அவர் சட்டைப் பையில் போட்டு, பையைத் தட்டிக்கொடுத்தாள்.

"சரி விடுப்பா. அடுத்த வருஷம் சாவிக் கடை போனையும் நானே வாங்கி வச்சுக்கிறேன்."

அடுத்த வருடம் என்று அவள் சொன்னதும் என் தங்கையின் கை தானாகவே நெஞ்சுக்குப் போனது. மெக்கானிக் அதைப் பார்த்துவிட்டார்.