உச்சி வெயிலில் காணாமல் போன யானை

கல்லில் செதுக்குகிற தொழிலில் பார்ப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு: நாம் செய்த தப்பு அழியவே அழியாது என்பதால், அவசரமில்லாமல் நின்று நிதானமாகத் திட்டலாம். உளி வழுக்கி விரலை நசுக்கிக்கொண்டவர்களே, கண்ணில் கல்தூள் விழுந்து ஊரெல்லாம் கலங்கலாகத் தெரிந்தவர்களே, நீங்கள் என் சொந்தக்காரர்கள். கொஞ்சம் கேளுங்கள்.

நான் மலாயாவில், குளுவாங்குக்கு வெளியே குவாரியில் ரோட்டுக்கு ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தவன். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சீனர் கல்லறைக் கல் செய்யும் பட்டறை வைத்திருந்தார். அங்கே கல் தேய்க்கிற வேலைக்குப் போய், புடைப்புச் சிற்பம் கற்றுக்கொண்டேன். முழுச்சிலை அல்ல, பலகை மாதிரியான கல்லில் உருவம் லேசாக மேலெழும்பி நிற்கும் வேலை. ரப்பர் விலை படுத்துவிட்ட காலம். தோட்டத்து ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தேறினால் சிற்பி, தேறாவிட்டால் மறுபடியும் ஜல்லி. ஜல்லிக்குத் திரும்புவதில்லை என்று நான் முடிவு கட்டியிருந்தேன். கை நன்றாக ஓடியது என்பதை நானே சொல்ல வேண்டியிருக்கிறது. வேறு யாரும் முன்வரவில்லை.

கஞ்சிப் பசை

பட்டறையில் படத்தைக் காகிதத்தில் வரைந்து, சோற்றுக் கஞ்சியால் கல்லில் ஒட்டி, கோடு வழியாகவே உளி ஓட்டுவார்கள். வரைவது தவுக்கே, அதாவது அந்தச் சீன முதலாளி. எனக்குக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போகிற வேலை மட்டும்.

ஒருநாள் தாமரை ஒட்டியிருந்த கல்லைக் காய வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் பக்கத்து வீட்டுக் கோழிகள் கஞ்சியின் ருசி கண்டு பாதிப் பூவைக் கொத்தித் தின்றுவிட்டிருந்தன. தவுக்கே ஊரில் இல்லை. கல் மறுநாள் போயாக வேண்டும். கரித்துண்டை எடுத்து மீதி இதழ்களைக் கல்லிலேயே வரைந்தேன். அவர் இதழ்கள் விறைப்பாக நிற்கும். என்னுடையவை சற்றே மடிந்து கிடந்தன. கிடக்கட்டும் என்று செதுக்கிவிட்டேன்.

தவுக்கே வந்து இரண்டு பக்கத்தையும் மாறி மாறித் தடவிப் பார்த்தார். தோட்டத்து ஆட்களோடு பழகி அரைகுறைத் தமிழ் பேசுவார். கடைசியில் என் பக்கத்தில் விரலை நிறுத்திச் சொன்னார்: "கோழி பகுஸ் லா, நல்ல கோழி! அது தின்னலேன்னா நீ வரைய மாட்டே."

நாலு கால்

அதற்குப் பிறகு என் தலை கனத்துவிட்டது. உடைந்த கல் ஒன்றை வாங்கி, பழகுவதற்காக ஒரு காளையைச் செதுக்கினேன். திமில், கொம்பு, கழுத்து மணி என்று ஒன்று விடவில்லை. என் மனைவி செல்லம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்த களைப்போடு சோறு கொண்டுவந்தாள். காளையைக் காட்டினேன். பாராட்டுக்கு நான் தயாராகவே நின்றேன்.

புடைப்பில் எல்லாமே ஒரே உயரம் இருக்கக் கூடாது. நமக்குக் கிட்டே இருப்பது மேலே நிற்க வேண்டும். அந்தப் பக்கத்துக் கால் இந்தப் பக்கத்துக் காலைவிட ஒரு மயிரிழையாவது உள்ளே போக வேண்டும். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. செல்லம்மாவுக்கும் தெரியாது. அவள் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நாலு காலும் ஒரே பக்கத்துல இருக்கே, பாவம், மாடு எப்படிங்க நிக்கும்?"

சாப்பாட்டுக் கடை

என்னைப் பெயர் சொல்லித் தேடி வந்த முதல் ஆள், கடைத்தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ராவுத்தர். கல்லா மேசைக்கு முன்னால் பதிக்கக் கல்லில் ஒரு பூங்கொடி வேண்டும் என்றார். நான் ஆசை ஆசையாக இலையும் மொட்டும் சுருளுமாக, விரல் நுழையும் ஆழத்துக்குத் திட்டம் போட்டுக் காட்டினேன். "மீன் குழம்பு இதுக்குள்ள போனா யாரு எடுக்கறது தம்பி?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது.

யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டதுதான் வேலையின் சூட்சுமம். ஆழமாக வெட்டினால் யாருக்கும் கொடி தெரியும். துடைக்கிற துணி தடுக்காமல் போக வேண்டும், கொடியும் தெரிய வேண்டும் என்றால்தான் கை பேச வேண்டும். பாதி மொட்டுகளை எடுத்தேன். இலை விளிம்பை ஒரு பக்கம் கூராக நிறுத்தி, மறுபக்கத்தைக் கல்லோடு கரைத்துவிட்டேன். பதித்த அன்றைக்கே ராவுத்தர் ஈரத் துணியை எடுத்து மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்தார். பிறகு எனக்கு நாற்காலியைத் தானே நகர்த்திப் போட்டார்: "பூவும் இருக்கு, அழுக்கும் நிக்கல. உக்காருங்க தம்பி, டீ சாப்பிடுங்க."

யானை

லாபிஸ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மாரியம்மன் கோயிலைக் கல்லில் எடுத்துக் கட்டினார்கள். கங்காணிதான் எல்லாம். அவருக்கு நான் என்றுமே ஜல்லிக்காரன். வாசல் பக்கச் சுவருக்கு ஒரு யானை செதுக்கச் சொன்னார். "நல்லா வந்தா வாசல் நிலையும் உனக்கு. இல்லேன்னா ஊர்லேர்ந்து சிற்பி வருவாரு" என்று சொல்லிவிட்டார். வாசல் நிலை கிடைத்தால் ஒரு வருஷத்து வேலை. அப்புறம் என்னை யாரும் ஜல்லிக்கு அனுப்ப முடியாது.

உயிரைக் கொடுத்துச் செய்தேன். பட்டறையில் யானை நடந்து வருகிற மாதிரியே இருந்தது, தவுக்கேகூட "அலமாக்!" என்று வாயைப் பிளந்தார். ரயிலில் கொண்டுபோய்ச் சுவரில் பதித்து, பூசை முடிந்து கூட்டம் திரும்பிப் பார்த்தபோது உச்சி வெயில். கல் இருந்தது. யானையைக் காணோம்! கங்காணி கிட்டே போய் நின்று, "யானை எங்கப்பா?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. சிகாமட்டிலிருந்து ஆளை வரவழைத்துப் பளிச்சென்று பெயிண்ட் அடித்துவிடலாம் என்று அங்கேயே முடிவாயிற்று.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. எல்லாரும் போன பிறகும் வெயிலிலேயே நின்றேன். தோரணத்து மாவிலையின் நிழல் சுவரில் நேர் கீழே விழுந்துகொண்டிருந்தது. அப்போதுதான் உறைத்தது. பட்டறையில் வெளிச்சம் பக்கவாட்டுக் கதவு வழியாக வரும். அதற்குத் தோதாகச் செதுக்கியிருந்தேன். இங்கே வெளிச்சம் தலைக்கு மேலிருந்து வருகிறது. நிழல் இல்லாவிட்டால் புடைப்பு ஏது?

பெயிண்ட்காரர் வரும்வரை பொறுக்கும்படி கங்காணியைக் கெஞ்சிக் கேட்டேன். கல்லைக் கழற்றவில்லை. சுவரோடு வைத்தே, வெயில் உச்சியில் நிற்கும் நேரமாகப் பார்த்து உளி பிடித்தேன். வயிற்றுக்கு அடியில், காது மடலுக்குக் கீழே, தும்பிக்கை வளைவின் அடியில் மட்டும் கல்லை உள்ளே தள்ளினேன். தள்ளத் தள்ள நிழல் வந்து உட்கார்ந்தது. யானை மெல்ல வெளியே வந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள், தனியாக நின்று சத்தம் போட்டுச் சிரித்தேன்.

பெயிண்ட்காரர் ஒரு நண்பகலில் வந்து சேர்ந்தார். டப்பாவைத் திறந்தார், சுவரைப் பார்த்தார், மூடிவிட்டார். "இது மேல அடிச்சா யானை செத்துரும் கங்காணி. எனக்கு இங்க வேலை இல்ல" என்று தூரிகைகளைத் துணியில் சுருட்டிக்கொண்டார். கங்காணி யானையின் நெற்றியைத் தடவினார், காதுக்குக் கீழே விரலை விட்டுப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டு என் பக்கம் திரும்பினார்: "வாசல் நிலைக்கு என்ன போடலாம்னு நீங்களே சொல்லுங்க, சிற்பி."

புடைப்பை எவ்வளவு தாழ்வாக வைக்க வேண்டும் என்று கல்லிடம் கற்றுக்கொண்ட எனக்கு, தலையை எவ்வளவு தாழ்வாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது மட்டும் அன்றிலிருந்து பிடிபடவே இல்லை.