தையல் கடையில் ஓர் ஓபோ

ஓபோ என்கிற மேல்நாட்டு நாதஸ்வரத்தை வாசிக்கிறவர்களுக்கு மூச்சு பற்றாமல் போவதில்லை, மிஞ்சிப்போய்த்தான் திணறுகிறோம். இதைச் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. அதன் சீவாளியின் வாய் ஒரு நூல் நுழைகிற அளவுதான். ஊதுகிற காற்றில் கொஞ்சம்தான் உள்ளே போகும், மிச்சமெல்லாம் நெஞ்சிலேயே கிடந்து கெட்டுப்போகும். முதலில் அதை வெளியே தள்ளிவிட்டுத்தான் புதிதாக மூச்சு எடுக்க வேண்டும்.

எனக்கு இது தெரியாமலா இருக்கும்? ஷார்ஜாவில் ஒரு மருத்துவமனையில் நுரையீரல் வார்டு நர்ஸ் நான். "பாய், ஜல்தி வேண்டாம், முதல்ல மூச்ச வெளிய விடுங்க" என்று டூட்டி முழுக்கக் கத்துகிறவள். ஆனால் ஓபோவைக் கையில் எடுத்ததும் இருக்கிற காற்றின் மேலேயே இன்னும் காற்றை அடைத்துக்கொள்வேன். முகம் சிவந்து, கண் பிதுங்கி, பாதியிலேயே நிறுத்திவிட்டு எல்லோர் மீதும் எரிந்து விழுவேன்.

குமரிக் கடற்கரையில் எங்கள் மாதா கோயில் பேண்டில் கிளாரினெட் வாசித்தவள். ஓபோ இங்கே வந்து பிடித்த சனியன். ஊருக்குத் திரும்பிய ஒரு பள்ளி இசை ஆசிரியை விற்றுவிட்டுப் போனது. ஷார்ஜா முவைலாவில் எங்கள் ஃபிளாட்டில் ஏசி காற்று பட்டாலே சீவாளி காய்ந்து விறைக்கும். ஏசியை அணைத்தால் நான் வெந்துபோவேன். என் வீட்டுக்காரர் ஜெபல் அலி துறைமுகத்தில் கிரேன் டெக்னீஷியன். "நாள் பூரா கப்பல் ஹாரன் கேட்டுட்டு வாறேன், வீட்டுலயும் அதுதானா பிள்ள?" என்பார். "காதப் பொத்திட்டுக் கெடயும்" என்பேன்.

அப்படி ஏச்சு வாங்கியும் ஏன் விடவில்லை? அந்தக் கருவிக்கு என் வாய் இருந்தது, அதனால்தான். ஓபோ என்றால் மேய்ச்சல் நிலம், அழகான சோகம், ஒரு பெருமூச்சு என்று இசை எழுதிய பழைய ஆட்கள் அதை ஒரு மூலையில் உட்கார வைத்திருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டில், மூன்று நான்கு பேர் ஓர் அறைக்குள் உட்கார்ந்து வாசிப்பதற்கென்று எழுதியவர்கள்தான் அதைப் பேசவிட்டார்கள். அது ஏசியது, முனகியது, கெக்கலித்தது. ஒரே ஊதலில் இரண்டு மூன்று ஸ்வரங்களைக் கரகரவென்று துப்பியது. பெரிய ஆர்க்கெஸ்ட்ராவில் நாற்பது வயலின்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். நான்கு பேர் நடுவில் எங்கே ஒளிய?

எங்கள் நால்வரில் வயலின், பிலிப்பைன்ஸ் பள்ளி ஆசிரியை. வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலா, ஒரு மலையாளி அக்கவுண்டன்ட். தரையில் ஊன்றி வாசிக்கிற செல்லோ, ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் மெஷின் பார்க்கும் யாழ்ப்பாணத்து அண்ணன். செல்லோகூட அவருடையதல்ல, வயலின்காரியின் பள்ளி இரவல் கொடுத்தது. துபாய் சத்வாவில் ஒரு தையல் கடையில் வெள்ளிக்கிழமை காலைகளில் ஒத்திகை பார்ப்போம். கடைக்காரர் ராமநாதபுரத்துக்காரர். "ஜும்மா தொழுதுட்டு வந்து கடை தொறக்கணும்க்கா, அதுக்குள்ள முடிச்சிருங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார். சுற்றிலும் துணிச் சுருள்கள். வயலின் சத்தத்தையெல்லாம் துணி குடித்துவிடும், என் ஓபோ மட்டும் ஊசி மாதிரி குத்திக்கொண்டு நிற்கும்.

நாங்கள் எடுத்துக்கொண்டது ஓபோவுக்கும் மூன்று தந்தி வாத்தியங்களுக்குமாகப் போன நூற்றாண்டில் எழுதிய ஒரு படைப்பு. மூன்று பகுதிகள். முதல் பகுதி முழுக்கச் சண்டை, எனக்கென்றே அளவெடுத்துத் தைத்தது. இரண்டாவதில் ஓபோ எல்லோரையும் நக்கலடிக்கும். அதுவும் பிரமாதமாக வந்தது. மூன்றாவதுதான் என் உயிரை எடுத்தது. அதன் முடிவில் ஓபோ ஒரே ஸ்வரத்தைப் பலமாகத் தொடங்கி, மெலிய வைத்து, இல்லாமலாக்க வேண்டும். அது அணைகிற இடத்தில் செல்லோ அதே ஸ்வரத்தை வாங்கிக்கொண்டு முடித்துவைக்கும். மாதக்கணக்கில் முயன்றும் ஒரு தடவைகூட அங்கே போய்ச் சேரவில்லை. ஒவ்வொரு முறையும் பாதியில் எனக்குத் திணறும், ஸ்வரம் அறுந்து விழும்.

"ஏன் தங்கச்சி இப்பிடி அந்தரப்படுறீங்கள்? ஆறுதலா, மெதுவா வாங்கோ" என்பார் செல்லோ அண்ணன்.

"எனக்கு டூட்டி இருக்கு, ஆறுதலா வர நேரம் இல்ல" என்று வெடிப்பேன். அவர் சிரித்துக்கொண்டே வில்லைத் துடைப்பார். அந்தப் பொறுமையைப் பார்த்தால் இன்னும் எரிச்சல் வரும்.

பிறகு அவர் வேலை செய்த பிரிவையே மூடிவிட்டார்கள். விசா கேன்சல். "கலாஸ்", முடிந்தது என்று ஒரே அரபு வார்த்தையில் சொல்லிவிட்டு அதற்கும் சிரித்தார். ஞாயிறு ஃப்ளைட். வெள்ளிக்கிழமை ஒத்திகை முடிந்ததும் செல்லோவை வயலின்காரி பள்ளிக்கு எடுத்துப்போவதாக ஏற்பாடு. ஊரில் அவருக்கு வேறு செல்லோ கிடையாது, வாங்குகிற நிலையும் இல்லை. அடுத்த மாதம் நடத்துவதாக இருந்த கச்சேரியை விட்டுவிட்டோம். இந்த ஒன்றை மட்டும், ஒரே ஒரு தடவையாவது, நிறுத்தாமல் முடிவு வரை வாசித்துவிட வேண்டும் என்று நால்வரும் சொல்லிக்கொண்டோம்.

அந்த வெள்ளிக்கிழமை எனக்கு இருப்பே கொள்ளவில்லை. சீவாளியை மாற்றினேன், திரும்பவும் மாற்றினேன். சண்டைப் பகுதியைத் தேவைக்கு மேல் வேகமாக ஓட்டினேன். வயலின்காரி முறைத்தாள். மூன்றாம் பகுதி வந்தது. கடைசி ஸ்வரத்துக்கு முன்னால் சின்ன இடைவெளி ஒன்று உண்டு. அங்கே, வார்டில் நோயாளிகளிடம் கத்துகிற என் குரலே என்னை அதட்டியது போலிருந்தது. உள்ளே கிடந்த காற்றையெல்லாம் வெளியே விட்டேன். பிறகு கொஞ்சமாக எடுத்தேன்.

வந்துவிட்டது! ஸ்வரம் அசையாமல் நின்றது. மெலிந்தது. இன்னும் மெலிந்தது. சீவாளி நடுங்குவது உதட்டில் மட்டும் தெரிகிற அளவுக்குப் போனது. இதோ, இப்போது செல்லோ வர வேண்டும். வரவில்லை. பிடித்துப் பார்த்தேன், பிடிக்கிற வரை பிடித்தேன். அணைந்துபோனது.

எனக்கு வந்த ஆத்திரம்! "என்னண்ணா இது? இத்தன மாசத்துல இன்னைக்குத்தான் வந்துச்சு, நீங்க எங்க போனீங்க?" என்று திரும்பினேன்.

வில் தந்தியின் மேல்தான் இருந்தது. கைதான் அசையவில்லை. கன்னமெல்லாம் நனைந்திருந்தது, அவர் துடைக்கவும் இல்லை.

"நான் வந்தனெண்டா எல்லாம் முடிஞ்சிடும், தங்கச்சி" என்றார்.

என் கோபம் அப்படியே கரைந்துபோனது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் ஊத முடியாது, அதனால் அடக்கினேன். "இன்னொரு தடவ, அண்ணா. அந்த இடைவெளியில இருந்து" என்றேன். கடைக்காரர் தொழுகை முடிந்து வந்து ஷட்டரைத் தூக்கிவிட்டு, எங்கள் முகங்களைப் பார்த்து வாசலிலேயே நின்றுகொண்டார்.

மூச்சை வெளியே விட்டேன். ஊதினேன். இந்த முறை அவர் வந்தார். நான் எங்கே விட்டேன், அவர் எங்கே எடுத்தார் என்று எனக்கே தெரியவில்லை. தாளில் எழுதியிருந்த நீளம் தாண்டியும் அவர் அந்த ஸ்வரத்தை விடவில்லை. வில் முனைக்குப் போனது, திரும்பியது, மறுபடி போனது. நாங்கள் யாரும் அவரை நிறுத்தச் சொல்லவில்லை.