எருமைக்கன்றுக்கு யார் சொன்னது

"ஏனுங்க அம்மணி, கம்ப்யூட்டரையே காலேஜ்ல தானுங்களே மொதமொதல்ல தொட்டீங்க? கொழந்தைகளுக்கு எது புடிக்கும்னு உங்களுக்கு எப்படீங்க தெரியும்?" துடியலூர் அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, முதலாளி மேடம் சிரித்துக்கொண்டே கேட்டது இது. தாராபுரம் பக்கம் தோட்டமும் தென்னந்தோப்பும் உள்ள குடும்பம் அவருடையது. யாரிடமும் அவர் மரியாதை குறைத்துப் பேசி நான் கேட்டதில்லை. அதனாலேயே அவர் சொன்னது எங்கே குத்தியது என்று தெரிய, நான் வீடு போய்ச் சேரும்வரை ஆகும்.

குழந்தைகள் வாசித்துப் பழகுவதற்கான இணையதளம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். தொட்டதெல்லாம் மின்ன வேண்டும், துள்ள வேண்டும் என்பார் மேடம். நான் அக்கா மகளை நினைத்துக்கொண்டு வேலை செய்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அக்கா கருமத்தம்பட்டியில் விசைத்தறி ஓட்டுகிறாள். அவள் மகள் வகுப்பில் வாயே திறக்கமாட்டாள். ஒருமுறை தப்பாகப் படித்ததற்கு எல்லோரும் சிரித்துவிட்டார்களாம். அதனால் திரையில் ஓர் எருமைக்கன்றை வரைந்து வைத்தேன். வாசித்தால் காதை ஆட்டிக் கேட்கும். திணறினால் காத்திருக்கும். தப்பானால், "இன்னொருக்கா சொல்லு கண்ணு" என்னும்.

"எருமையாங்க? ஒரு மயிலாவது போட்டிருக்கலாமுங்களே" என்றார் மேடம். ஆனால் அக்கா மகளின் பள்ளியில் வைத்துப் பார்த்தபோது, குழந்தைகள் அதை விட்டு எழவில்லை. அக்கா மகள் ஒரு கதையை முழுக்க, சத்தமாக வாசித்தாள். பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்து, "அட, இந்தப் புள்ளைக்குப் பேச்சு வருமா!" என்றார். சிரிக்காத, அவசரப்படாத ஒரு முகம் போதும் என்று எனக்கு அன்று உறுதியானது.

மேடத்துக்கு அது போதவில்லை. குழந்தைகள் தினமும் வர வேண்டுமென்றால் போட்டி வேண்டும் என்றார். அடுத்த பதிப்பில், அவரவர் இடத்துக்காகப் புள்ளி சேர்க்கும் அணிகள் வந்தன. பள்ளி கொடுத்த முகவரியை வைத்துக் கணினியே பிரித்துவிட்டது. அந்தப் பகுதியைச் செய்தது வேறு குழு. அக்கா மகளின் வகுப்பில் திரை விரிந்தபோதுதான் நானும் பார்த்தேன். எருமைக்கன்று காதை ஆட்டியபடி, "ஊர் அணி வாங்க! காலனி அணி வாங்க!" என்றது.

"டேய், நம்முளுது ஊர் டீமுடா! காலனிக்காரங்கெல்லாம் அந்தப் பக்கம் போங்கடா!" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் கத்தினான். ஆசிரியர் அதட்டினார். அதற்குள் குழந்தைகள் இடம் மாறி உட்கார்ந்துவிட்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் அக்கா மகள் கேட்டாள்: "சித்தி, நாம எங்க குடியிருக்கறம்னு அந்த எருமைக்கன்னுகிட்ட ஆரு சொன்னாங்க?"

அக்கா சோறு போட்டுக்கொண்டே, "உன்ற கம்ப்யூட்டருக்கும் நாம ஆருன்னு தெரிஞ்சுபோச்சாட்ட இருக்குது" என்று சிரித்தாள்.

மேடத்திடம் சொன்னேன். "நாம சாதியா போட்டம்? அட்ரஸ் தானுங்களே அம்மணி" என்றவர், தளத்தின் வருகைக் கணக்கைத் திறந்து காட்டினார். முன்னைவிட அதிகக் குழந்தைகள் வந்துகொண்டிருந்தார்கள். என்னைப் பயமுறுத்தியது அதுதான். தோற்கடிக்க ஒரு கூட்டத்தைக் காட்டிவிட்டால் குழந்தைகள் ஓடித்தான் வருவார்கள். வராமல் போன குழந்தை அந்தக் கணக்கில் தெரியாது. அக்கா மகள் அதற்குப் பிறகு பள்ளியிலும் வாசிப்பதில்லை, வீட்டிலும் வாசிப்பதில்லை. நான் புத்தகத்தை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுகிறாள்.

இந்த வாரம் தளம் மற்ற பள்ளிகளுக்கும் போகிறது. அணிகளை எடுத்துவிடச் சொல்லி எழுதியும் கேட்டேன். "அடுத்த தடவை பாத்துக்கலாமுங்க" என்று பதில் வந்தது.

இன்று காலை யாரும் வருவதற்கு முன்பே அலுவலகம் போனேன். அணிகளை நீக்கினேன். முகவரி கேட்கும் கட்டத்தையும் நீக்கி, தளத்தை வெளியிட்டுவிட்டேன். மாற்றங்களைப் பதியும் படிவத்தில், மாற்றியவர் யார் என்று கேட்ட இடத்தில் என் பெயரை முழுதாக எழுதினேன். காரணம் கேட்ட இடத்தில், நான் பிறந்து வளர்ந்த காலனியின் முகவரியை எழுதினேன்.