சுப்புத்தாய் இடத்தில் தூக்குச்சட்டி

காமயகவுண்டன்பட்டியிலிருந்து கம்பம்மெட்டு ஏறிக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் கொண்டுபோகிற ஜீப்புகளில் ஒரு வழக்கம் உண்டு. மடியில் உட்கார்ந்தால் ஆள் கணக்கில் சேராது. எத்தனை வயதுப் பிள்ளையானாலும் ஒரு பொம்பளையின் மடியில் ஏறிக்கொண்டால் போதும், செக்போஸ்ட்டில் தலையை எண்ணுகிறவர் அதைத் தாண்டி எண்ணிக்கொண்டு போய்விடுவார். மெட்டைத் தாண்டியதும் அந்த மடிப்பிள்ளை இறங்கி, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு, ஏலச்செடித் தூரில் குனிந்துவிடும். காய் எடுப்புக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் எந்த பெஞ்சு காலி என்பது வாத்தியார்களுக்கு முன்னால் ஜீப் டிரைவர்களுக்குத் தெரியும்.

சுருளிராஜனும் மடிப்பிள்ளையாக மலை ஏறியவன்தான். ஏறியவன் அப்படியே தங்கிவிட்டான். கிளீனராக இருந்து, மாற்று டிரைவராக ஓட்டி, கடைசியில் சொந்த ஜீப்புக்காரன் ஆனான். நாற்பதை நெருங்குகிற அவனை ஊரில் முறைப்புக்காரன் என்பார்கள். போலீஸ்காரரையும் முறைப்பான், மழையையும் முறைப்பான். வண்டி மக்கர் பண்ணினால் மட்டும் கொஞ்சுவான்.

போன ஜூன் மாதம் பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். ஊரில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பெரியவர்கள் கொஞ்சம் பேர் வேண்டும் என்று கடைக்காரர், தையல்காரம்மா, பால் ஊற்றுகிறவர் என்று கூப்பிட்டிருந்தார்கள். வெளியே வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த சுருளிராஜனையும் ஹேமாவதி டீச்சர் உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்துவிட்டார்.

"எந்தப் பிள்ளை எங்க போகுதுன்னு எங்கள விட உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். மொதல்ல அதுக்கிட்டப் பேசுங்க. என்னன்னு கேளுங்க" என்றார்.

வண்டிக்கு வருவதற்குள் சுருளிராஜன் அதைத் தனக்கு வசதியாகச் சுருக்கிக்கொண்டான். இனிமேல் வண்டியில் பிள்ளைகளை ஏற்றக் கூடாது. கேட்பதும் பேசுவதும் அவனுக்கு வராது. கூடாது என்று சொல்ல நன்றாக வரும்.

ஆவணியில் அதற்கு வேளை வந்தது. சுப்புத்தாய் என்று ஒருத்தி, அவன் வண்டியில் கடைசி சீட்டு ஓரம் அவள் இடம். சரிவில் வழுக்கி விழுந்து கால் ஒடிந்து மாவுக்கட்டோடு கிடந்தாள். மறுவாரம் விடியலில் அவளுடைய தூக்குச்சட்டியோடு மகள் திரிஷா வந்து பவுனு மடியில் ஏறிக்கொண்டாள். எட்டாம் வகுப்புப் படிக்கிறவள். பவுனுதான் அந்த வண்டிக்கு மூத்தவள். வாயில் வெற்றிலையும் பேச்சும் ஒரே நேரத்தில் ஓடும்.

மலை ஏற்றம் தொடங்குகிற இடத்தில் சுருளிராஜன் வண்டியை நிறுத்தினான்.

"எறங்கு."

"நானா?" என்றாள் திரிஷா.

"நீதான். பள்ளிக்கூடத்துக்குப் போ. இனிமே என் வண்டியில பிள்ளைக வரக்கூடாது."

"ஏலே சுருளி, ஒனக்குக் கிறுக்கா? நடுரோட்டுல எறக்கி விடுற" என்றாள் பவுனு.

"கம்பத்துக்கு பஸ் வரும். ஏறிப் போகட்டும்."

திரிஷா அழவில்லை. தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு இறங்கி, சாலையோரத்துக் கல்லில் உட்கார்ந்தாள். சுருளிராஜன் கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே கியர் போட்டான். நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது. பின்னால் பொம்பளைகள் கழுத்தைத் திருப்பி அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

பாதி மலை ஏறியிருப்பார்கள். மலையில் மஞ்சுப் பனி இறங்கியிருந்தது. கொண்டை ஊசி வளைவில் ஹாரன் அடித்துக்கொண்டு, தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற இன்னொரு டிரைவர் ஜாஸ்பரின் ஜீப் முந்திக்கொண்டு போனது. அதன் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு, பம்பரில் ஒற்றைக் காலை ஊன்றி, மறுகையில் தூக்குச்சட்டியோடு திரிஷா நின்றுகொண்டிருந்தாள். சுருளிராஜனைப் பார்த்ததும் நாக்கைத் துருத்திக் காட்டினாள். அடுத்த கணம் மஞ்சு அவளை மூடிவிட்டது.

அவன் ஆக்ஸிலேட்டரை மிதித்தான்.

"பாத்துக்கிட்டியா? மடியில இருந்த பிள்ளைய வாலுல தொங்க விட்டுட்டியே. நல்ல காவக்காரன்தான் போ" என்றாள் பவுனு.

அன்றைக்கு மலை முழுக்க அவன் ஜாஸ்பர் வண்டியின் பின்னாலேயே ஓட்டினான். அந்தக் கை நழுவி அவள் விழுந்தால், தன் வண்டியைக் குறுக்கே போட்டுப் பின்னால் வருகிற வண்டிகளையாவது நிறுத்தலாம் என்று நினைத்தான். அதைத் தவிரச் செய்ய ஒன்றும் தெரியவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் நேரே சுப்புத்தாய் வீட்டுக்குப் போனான். வாசலில் திரிஷா பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் நிமிராமலே சொன்னாள்:

"எறக்கி விட இங்கன வண்டி இல்ல மாமா. இது வீடு."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, அவளுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். டீச்சர் சொன்னதில் தான் விட்டுவிட்டுவந்த பாதி அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

"ஒன்னய ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"எதுக்குத் தோட்டத்துக்கு வார?"

தேய்த்துக்கொண்டிருந்த சட்டியை அவள் கீழே வைத்தாள். இதை அவளிடம் யாரும் கேட்டதில்லை போல. சொல்லத் தொடங்கியவள் ஒரே மூச்சில் சொன்னாள். கூலி வந்தால் நல்லதுதான். ஆனால் அவள் வருவது அம்மாவின் இடத்தைக் காப்பாற்ற. ஒரு வாரம் ஆள் வராவிட்டால், தோட்டத்துக்கு ஆள் பிடித்து அனுப்புகிற கங்காணி ராக்கப்பன் அந்த இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவார். போட்டால் போட்டதுதான். கால் சரியாகி வந்து நிற்கிற அம்மாவை எந்த வண்டியும் ஏற்றாது. வீட்டிலிருந்து யாராவது வந்து உட்கார்ந்தால்தான் இடம் நிற்கும்.

"எனக்குப் பள்ளிக்கூடம் புடிக்காதுன்னு நெனச்சீகளா? கணக்குல நான்தான் பஸ்ட்டு. எங்கம்மா எடம் போயிருச்சுன்னா நீங்க வந்து குடுப்பீகளா?"

உள்ளேயிருந்து சுப்புத்தாய், "ஏட்டி, பெரியவுககிட்ட என்ன பேச்சு" என்று அதட்டினாள். அதட்டலில் தெம்பே இல்லை.

சுருளிராஜன் எழுந்து போனான். போனவன் பவுனு வீட்டுக்குப் போனான். அவன் சொல்லி முடிக்கும்வரை வெற்றிலையைக் கூட மெல்லாமல் கேட்டாள் பவுனு.

"இந்தப் பழக்கம் யாரு வச்சது? ராக்கப்பன் தாத்தன் வச்சதா? எடத்த நாம காப்போம். தோட்டத்துல அவளுக்கு உள்ள செடி வரிசைய, அந்த நிரைய, ஆளுக்குக் கொஞ்சமா நாமளே எடுப்போம். காய அவ பேருல எடை போடுவோம். பிள்ளை படிக்கப் போகட்டும்."

"ராக்கப்பன் ஒத்துக்கிரணுமே."

"அவரு ஒத்துக்கிட்டாத்தானா? அவரு முடியாதுன்னா நீ வண்டிய எடுக்காம இருப்பியா, மாட்டியா? அதச் சொல்லு."

மறுநாள் விடியலில் கடைசி சீட்டு ஓரத்தில் ஆளுக்குப் பதில் தூக்குச்சட்டி ஒன்று இருந்தது. பவுனுவுடையது. முதல் ரெண்டு நாள் ராக்கப்பன் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள், கூச்சத்தோடு முந்தானையைக் கசக்கிக்கொண்டிருந்த ஒரு புதுப் பொம்பளையைக் கூட்டிக்கொண்டு வந்தார். மலையம்மாள் என்று பேர்.

"அந்த ஓரத்துல ஏறுத்தா."

"அங்கன ஆள் இருக்கு" என்றாள் பவுனு.

"எங்க இருக்கு? சட்டிதான இருக்கு."

"சுப்புத்தாயி எடம் அது."

"ஒரு சீட்டச் சும்மா போட்டு மலை ஏத்துறதுக்கு இதென்ன சாமி ஊர்வலமா?"

"வீரபாண்டி ஆத்தாளுக்குன்னா எடம் விட்டு ஒதுங்கி நிக்கிறீகள்ல. இவளுக்கும் விட்டுட்டுப் போங்க. இவளும் மலை ஏறி எறங்குனவதான்."

வண்டிக்குள் சிரிப்பு எழுந்தது. ராக்கப்பனுக்குக் காது சிவந்தது. "அவ மகள வரச் சொல்லு. இல்லன்னா எடம் கெடையாது. சுருளி, நீ வண்டிய எடு."

சுருளிராஜன் சாவியைத் திருப்பினான். இன்ஜின் நின்றது. சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ராக்கப்பனை முறைத்தான். அவன் முறைத்த முறைப்புகளில் அதுதான் ஆகப் பெரியது என்று பவுனு இன்றைக்கும் சொல்வாள்.

"அந்தப் பிள்ளை வராது. அந்த எடத்துல வேற ஆளும் ஒக்காராது. வண்டி போகணும்னா அப்படியே போகும்."

"ஒன் ஓட்டத்த நாளைலருந்து நிறுத்திருவேன்லே."

"நிறுத்துங்க. சந்தைக்குத் தக்காளி ஏத்துறேன்."

ராக்கப்பன் போன் போட்டு ஜாஸ்பரை வரவழைத்தார். ஜாஸ்பர் வந்து கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றான். ஒருத்தியும் அசையவில்லை. விஷயத்தைக் கேட்டதும், தன் வண்டியின் பின்கம்பியை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்தினான். "எனக்கு வேற வேல இருக்குண்ணே" என்று வந்த வழியே போய்விட்டான்.

வெயில் ஏறியது. தோட்டத்திலிருந்து போன் மேல் போன் வந்தது. பழுத்த காய் செடியில் நின்றால் வெடித்துவிடும். வெடித்த காய்க்கு விலை கிடையாது. அது ராக்கப்பனுக்கும் தெரியும், வண்டிக்குள் இருந்தவர்களுக்கும் தெரியும். ஒவ்வொரு போனுக்கும் அவர் கொஞ்சம் தள்ளிப் போய் நின்று பேசினார். கடைசிப் போனைப் பேசிவிட்டுத் திரும்பி வந்தார்.

"அந்த நிரையில ஒரு காய் விட்டுப் போனாலும் கேப்பேன்."

"அப்ப வந்து கேளுங்க. பதில் வச்சிருக்கோம்" என்றாள் பவுனு.

மலையம்மாள் இன்னும் தரையிலேயே நின்றுகொண்டிருந்தாள். ஏறுவதா, வீட்டுக்குப் போவதா என்று தெரியாத முகம். வேலை தேடி வந்தவள்தானே, அவள் மேல் என்ன குற்றம்?

"நீ ஏன்டி ஆத்தா நிக்கிற? வா, ஏறு. அந்த எடத்துல மட்டும் ஒக்காராத" என்று அவள் கையைப் பிடித்து இழுத்துத் தன் மடியில் உட்கார்த்திக்கொண்டாள் பவுனு.

வண்டி கிளம்பிப் பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது, சீருடையில் சைக்கிள் மிதித்துக்கொண்டு எதிரே வந்தாள் திரிஷா. சுருளிராஜனைப் பார்த்ததும் பழைய பாக்கி போல நாக்கைத் துருத்தினாள். அவனும் துருத்தினான்.

மெட்டில் செக்போஸ்ட்காரர் வழக்கம்போல உள்ளே எட்டிப் பார்த்து விரலால் எண்ணிக்கொண்டே வந்தார். கடைசி சீட்டில் விரல் நின்றது. ஓரத்தில் சட்டி மட்டும் சொகுசாக உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு முழுப் பொம்பளை இன்னொருத்தி மடியில் கழுத்தை வளைத்துக்கொண்டு இருந்தாள்.

"சீட்டு காலியாணல்லோ. பின்னெ எந்தா மடியில்?"

"காலி இல்ல சேட்டா. சுப்புத்தாயி எடம். கால் ஒடிஞ்சு கெடக்கா" என்றாள் பவுனு.

"அப்போள் மகள் வருமல்லோ, அதல்லே வழக்கம். அவள் எவிடெ?"

வண்டிக்குள் இருந்த அத்தனை பேரும் ஒரே குரலாகக் கத்தினார்கள்:

"பள்ளிக்கூடத்துல!"

அவர் இன்னொரு தரம் சட்டியைப் பார்த்தார். பிறகு விரலை மடக்கிக்கொண்டு தடுப்புக் கட்டையைத் தூக்கினார். சுருளிராஜன் கியரை மாற்றினான்.